அமிலக்கரைவு: பற்சிதைவு என்று எழுதாதீர்கள்

போன மாதம் பல்லுக் கிளினிக்கில் வாங்கிலில் இருந்தேன். என் இலக்கம் வர நேரமிருந்தது. கையில் தந்த துண்டுப்பிரசுரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் தன்னுடையதில் ஒரு வரியில் விரலை வைத்து, எனக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தார்: "சீனி சேர்க்காத மென்பானங்களும் பற்சிதைவை ஏற்படுத்தும்."

"தம்பி, சீனி இல்லையெண்டா பல்லு எப்பிடிச் சூத்தையாகும்? உவங்கள் சும்மா எழுதிப்போட்டாங்கள்."

"ஐயா, அது சூத்தையைச் சொல்லேல்லை. வேறை ஒண்டு."

"பற்சிதைவு எண்டுதானே போட்டிருக்கு. பற்சிதைவு எண்டா சூத்தைதானே?"

மறுபேச்சு எனக்கு வரவில்லை. அவர் கேட்டது சரி. பிரசுரம் சொல்ல வந்த செய்தியும் சரி. இரண்டுக்கும் நடுவில் கிடந்த சொல் பிழை. இந்தப் பிழையை வானொலியில், பாடசாலைக் கண்காட்சியில், சுவரொட்டியில் என்று எத்தனையோ தரம் கேட்டும் பார்த்தும் சலித்துவிட்டேன். ஒரு தரமாவது எழுதிவைப்போம்.

ஆங்கிலத்தில் கேரீஸ் என்றும் இரோஷன் என்றும் இரண்டு சொற்கள் உண்டு. முன்னது லத்தீனில் உளுத்துப்போதல். பின்னது அதே மொழியில் கொறித்துத் தின்னுதல். எலி வகைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ரோடன்ட் என்ற பெயரும் அதே வேரில் பிறந்ததுதான். நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் பற்சிதைவு என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

கேரீசுக்கு நமக்குப் புதுச்சொல்லே வேண்டியதில்லை. சூத்தை என்ற சொல்லை எந்தப் பேராசிரியரும் ஆக்கித் தரவில்லை. சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து "இது சூத்தை" என்று அம்மா ஒதுக்கும்போது என்ன பொருளோ, பல்லிலும் அதே பொருள்: ஓரிடத்தில் துளை, உள்ளே அழுகல். சீனியைத் தின்னும் கிருமிகள் பல்லில் ஒட்டிய அழுக்குப் படைக்குள் இருந்து அமிலம் விடுகின்றன. அந்த இடம் குழியாகிறது. சொல்லும் பொருளும் கத்தியும் உறையும்போலப் பொருந்துகின்றன. இதை விட்டுப் பற்சிதைவு என்று எழுதுவது கௌரவத்துக்காக. வாசிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சோடா செய்வது வேறு வேலை, அதுதான் இரோஷன். அதற்கு நான் வைக்கும் பெயர் அமிலக்கரைவு. (மென்பானம் என்ற சொல்லோடும் எனக்கொரு வழக்கு உண்டு. மதுவை வன்மை என்றும் மற்றதை மென்மை என்றும் ஆங்கிலேயன் பிரித்தான். நம்மிடம் வன்பானம் என்று ஒன்று இல்லாதபோது மென்பானம் எங்கிருந்து வந்தது? உடம்பிலேயே மிகக் கடினமான பொருளைக் கரைக்கிற தண்ணிக்கு மென்மை என்று பெயர்! வீட்டுக்கு வந்தவருக்கு நாங்கள் சோடா உடைத்துத்தான் கொடுக்கிறோம். நானும் சோடா என்றே எழுதப்போகிறேன்.)

அந்தக் கடினமான பொருள் பல்லை மூடியிருக்கும் மிளிரி. இந்தியப் பாடநூல்களில் எனாமல் அல்லது பற்சிப்பி. நம் இலங்கைப் பாடநூல்களில் மிளிரி. மிளிர் என்ற வினையில் பிறந்த அழகான சொல். நிறையில் ஏறத்தாழ 96 வீதம் கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த கனிமம். அதில் உயிருள்ள கலம் இல்லை. ஒருமுறை போனால் உடம்பு திரும்ப வளர்க்காது. வாயின் பீ.எச். பெறுமானம் (அமிலத்தை அளக்கும் எண்; அது குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 5.5இற்குக் கீழே இறங்கினால் மிளிரியின் கனிமம் கரையத் தொடங்கும். கோலா வகைச் சோடாவின் பெறுமானம் 2.5 அளவில் நிற்கிறது. மூன்றுதானே வித்தியாசம் என்று நினைக்கவேண்டாம். இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. மூன்று படி ஆயிரம் மடங்கு. கோலாவில் பொசுபோரிக் அமிலம், தோடம்பழ, எலுமிச்சைச் சுவைகளில் சித்திரிக் அமிலம். சித்திரிக் அமிலம் கல்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டும் போகும். இதில் கிருமிக்கும் வேலையில்லை, சீனிக்கும் வேலையில்லை. சீனியை எடுத்துவிட்டால் சூத்தைக்கான காரணம் குறையும். அமிலம் போத்தலில் அப்படியே இருக்கும். பெரியவரின் கேள்விக்கு விடை இவ்வளவுதான். ஆனால் பற்சிதைவு என்று எழுதிய பிரசுரத்தால் அதைச் சொல்ல முடியவில்லை.

சொல் பிழைத்தால் செயலும் பிழைக்கிறது. சிதைவு என்றதும் நம் மனம் அழுக்கு, கிருமி என்று ஓடும். உடனே போய்ப் பல்லு மினுக்கு என்று பிள்ளையைக் கலைப்போம். சோடா குடித்த கையோடு மினுக்கினால் என்ன நடக்கும்? அமிலத்தில் ஊறி இளகிப்போன மேற்படையை பிரஷ் வழித்தெடுக்கும். தண்ணியால் கொப்பளித்துவிட்டு, அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ பொறுக்கவேண்டும். அதற்குள் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த கனிமத்தில் கொஞ்சத்தையாவது திருப்பி வைக்கும். கரைவு என்று எழுதியிருந்தால் இந்த அறிவுரைக்குத் தனி விளக்கமே வேண்டியிருக்காது. ஈரச் சுவரை யார் தேய்ப்பார்?

இனிப் பல்லரிப்பு. இதுதான் எனக்குப் பெரிய சண்டை, ஏனென்றால் இதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் என் நண்பர், நல்ல மொழிபெயர்ப்பாளர். "மண்ணரிப்பு எண்டு பாடப்புத்தகத்திலை இருக்குதெல்லே. அதே இரோஷன்தான். அப்ப பல்லரிப்பு எண்டா என்ன பிழை?" என்கிறார். முதலாவது பிழை, சிரிப்பு வரும். பல் அரிக்குது என்றால் சொறியவேண்டும் என்றுதான் பாதிப்பேர் விளங்கிக்கொள்வார்கள். அது சின்னப் பிழை. பெரிய பிழை வினையிலேயே இருக்கிறது. அரி என்ற வினையை நம் வீட்டுக் குசினியில் பாருங்கள். மாவை அரிதட்டில் அரிக்கிறோம். அரிக்கன் சட்டியில் அரிசியைப் போட்டுத் தண்ணியோடு ஆட்டி ஆட்டி அரிக்கிறோம். அரிசி தண்ணியோடு அலைந்து மற்றச் சட்டிக்குப் போக, கல் உள்வரிகளில் தங்கும். வெள்ளம் வரம்பை அரிக்கிறது, கறையான் கூரை வளையை அரிக்கிறது. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று அசைத்து, உரசி, துணிக்கை துணிக்கையாகப் பிரித்து எடுக்கிறது. சோடாவுக்குப் பல்லுமில்லை, வேகமுமில்லை. அது சும்மா வாயில் நிற்கிறது. கனிமம் தானாக அதற்குள் இறங்குகிறது. ஆங்கிலத்திலேயே இரோஷன் பொருந்தாத பெயர் என்று சொல்லும் பல்மருத்துவ ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பிழையான பெயரைப் பிழையோடு சேர்த்துத் தமிழாக்க என்ன நேர்த்திக்கடனா?

கரைதல் யாழ்ப்பாணத்தானுக்குப் புதிதும் அல்ல. நாங்கள் இருப்பதே சுண்ணாம்புக்கல்லின் மேல். மழைத்தண்ணி காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிக் கல்லைக் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய குகைதான் புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணறு. அதை யாரும் நிலச்சிதைவு என்று சொல்வதில்லை. இன்னும் கிட்டப் பாருங்கள். கிணற்றுத் தண்ணி கொதித்துக் கொதித்துக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதற்குள் தேசிக்காயைப் பிழிந்துவிட்டுப் பொறுங்கள். சிறு குமிழ்கள் எழும்பும், படிவின் ஓரம் மங்கும், பிறகு இருந்த இடம் தெரியாது. பல்லில் இவ்வளவு விரைவில் நடக்காது, குமிழும் வராது. ஆனால் வினை அதேதான். தேசிக்காயைச் சொன்னதால் இதையும் சொல்லவேண்டும்: தேசிக்காய்த் தண்ணியும் அமிலம்தான், அதன் சாறு கோலாவுக்குக் குறைந்ததல்ல. மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுவிட்டு "பல்லுக் கூசுது" என்று எங்கள் ஆச்சிமார் சொன்னது இந்தச் சங்கதியைத்தான். கடைச் சோடாவில் ஆபத்து அதிகமாவதற்குக் காரணம் குடிக்கும் விதம். போத்தலை மேசையில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உறிஞ்சினால் உமிழ்நீருக்கு வேலைசெய்ய இடைவெளியே கிடையாது.

அடைத்த பல்லுக்கு வந்தால் பற்சிதைவு முற்றாகவே விழுந்துவிடும். அடைப்பு பல்லே அல்ல, அது எப்படிப் பற்சிதைவாகும்? பழைய வெள்ளி அடைப்பு, அதாவது இரசக்கலவை, அமிலத்துக்கு அவ்வளவாக அசையாது. அதைச் சுற்றியுள்ள மிளிரி கரைந்து தாழ, அடைப்பு மட்டும் தீவுபோல உயர்ந்து நிற்கும். பல்லு டொக்டர் கரைவை அடையாளம் காணும் வழிகளில் இதுவும் ஒன்று. என் கடைவாய்ப்பல்லிலும் அப்படித்தான். "நாக்காலை தடவிப் பாருங்கோ" என்றா அந்த டொக்டர்ப்பிள்ளை. மேடு தட்டுப்பட்டது. அடைப்பு வளர்ந்துவிட்டதென்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். பல் நிறத்தில் வைக்கும் பிசின் அடைப்பின் மேற்பரப்பு அமிலத்தில் இளகிச் சொரசொரப்பாகலாம். கண்ணாடி அயனோமர் சீமெந்து என்ற அடைப்புத்தான் பாவம், அமிலத்துக்கு அதிகம் இடங்கொடுப்பது அது. இந்த மூன்றையும் ஒரே வினையால் சொல்லலாம்: ஒன்று கரையாமல் நிற்கும், ஒன்று இளகும், ஒன்று கரையும். சிதைவை வைத்து எழுதிப் பாருங்கள்.

நண்பர் விடவில்லை. "சூத்தையிலும் அமிலந்தானே கரைக்குது?" என்றார். உண்மை. அதனால்தான் வெறும் கரைவு என்று விடாமல் அமிலக்கரைவு என்கிறேன். சூத்தையில் அமிலத்தைக் கிருமி ஓரிடத்தில் காய்ச்சுகிறது; இங்கே அமிலமே நேராக வந்து பல்லை முழுக்காட்டுகிறது. பெயரில் காரணம் முன்னால் நிற்கட்டும். முழுத் திருப்தி எனக்கும் இல்லை. ஆனால் மற்ற இரண்டையும்விட இது குறைவாகப் பொய் சொல்கிறது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். இரசாயனவியலைக் கெமிஸ்தம் என்று வைத்த மனிதர். அவருடைய சொற்களில் பலது இன்று நாவில் நிற்காது. என்றாலும் பொருளைக் கையில் பிடித்துப் பார்த்தபிறகு பெயர் வைத்தவர். இப்போது பெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள்.

அமிலக்கரைவு என்ற என் சொல்லுக்கும் ஒரு தடங்கல் உண்டு. மிளிரி கரைந்து மெலியும்போது அதற்கு உள்ளேயுள்ள படையான பன்முதலின் (டென்டீன்) மஞ்சள் வெளியே தெரியும். வீட்டில் அதைக் கறை என்று நினைத்துக் கரியும் உப்பும் போட்டு இன்னும் தேய்ப்பார்கள். கறை வேறு, கரைவு வேறு. எழுத்தில் குழம்ப ஒரு றகரமே போதும். சென்ற கிழமை வேறொரு பிரசுரம் என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. பற்சிதைவு வந்த ஒன்பது இடத்தில் நாலைச் சூத்தை என்றும் ஐந்தை அமிலக்கரைவு என்றும் சிவப்பு மையால் மாற்றிக் கொடுத்தேன். நேற்று அச்சுப்படி வந்தது. ஐந்து இடத்திலும் "அமிலக்கறைவு".