பாலக்காட்டில் மட்டும் ஏன் 'கேப்'?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பக்கத்து வீட்டில் ப்ளஸ் ஒன் படிக்கும் பெண் போன வாரம் புத்தகத்தோடு வந்தாள். "மாமா, கைபருக்கு 'பாஸ்'னு போட்டிருக்கு, நம்ம ஊருக்கு 'கேப்'னு போட்டிருக்கு. ரெண்டும் கணவாய்தானே? கேப்னா ஒண்ணுமே இல்லாத இடமில்லையா?"

கேப் நமக்குப் புதுச் சொல் இல்லை. கேப் கிடைத்தால் கெடா வெட்டுகிற ஆள் எல்லா ஊரிலும் உண்டு. ஆங்கிலத்துக்கு அது பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள் பெரும் பிளவு. வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைச் சொல்லும் 'கேய்ப்' என்ற வினையும் அதே குடும்பம்தான். நம் கணவாயிலும் ஒரு வாய் இருக்கிறது, பாருங்கள். (மீன் சந்தைக் கணவாயை இதில் சேர்க்க வேண்டாம்.) பாஸ் என்பதற்கு மூலம் லத்தீன், பொருள் காலடி. ஆக, பாஸ் நடப்பவனை வைத்துப் பிறந்த சொல், கேப் மலையை வைத்துப் பிறந்தது. கைபரில் ஏறி இறங்க வேண்டும். இங்கே வாளையாறு தாண்டும்போது காதுகூட அடைப்பதில்லை. வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவில் 30 கிலோமீட்டருக்கும் மேல் மலையையே காணோம்.

சரி, அந்த இடத்தில் 'ஒண்ணுமே' இல்லையா? ஆடியில் எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். அம்மி பறக்குமோ என்னவோ, காயப் போட்ட வேட்டி பக்கத்துத் தோப்புப் பனையில் இருக்கும்.

இந்தக் காற்றுக்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் ஹோஸ் பைப். வாயை விரலால் அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சுகிறது, அதேபோல இரண்டு மலைக்கு நடுவே காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது என்பார்கள். பாதி உண்மை. அது மட்டுமே காரணம் என்றால் மிகக் குறுகலான இடத்தில்தான் காற்று உச்சத்தில் இருக்க வேண்டும். ஆனால் இத்தகைய காற்றுகள் பல இடங்களில் வெளியேறும் வாயருகில்தான் மிகுந்த வேகம் கொள்கின்றன. அமெரிக்க, கனடா எல்லையிலுள்ள ஹுவான் டி ஃபூக்கா நீரிணை இதற்குப் பேர்போன உதாரணம்.

காரணம் அழுத்த வேறுபாடு. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் முட்டித் தேங்குவதால் மேற்கில் காற்றழுத்தம் சற்றே கூடுகிறது. மலையின் மறைவில் இருக்கும் கிழக்கில் குறைகிறது. இரண்டையும் இணைக்கும் ஒரே அகலமான வாசல் இதுதான். வாசல் நெடுக அழுத்தம் குறைந்துகொண்டே போவதால் காற்றை ஏதோ ஒன்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. சரிவில் மிதிக்காமல் விட்ட சைக்கிள் எங்கே அதிக வேகத்தில் போகும்? அடிவாரத்தில்தானே!

எவ்வளவு வேறுபாடு வேண்டும் என்று கணக்குப் போட்டபோது எனக்கே நம்ப முடியவில்லை. ஒரு மில்லிபார் போதும். மூன்று மாடி ஏறினாலே அவ்வளவு அழுத்தம் குறைந்துவிடும். அந்த ஒரு மில்லிபார், உராய்வே இல்லாவிட்டால், நின்ற காற்றை நொடிக்கு 13 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 47 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய்விடும். மரமும் மண்ணும் அதில் கொஞ்சம் பிடித்துக்கொள்கின்றன. காற்றின் வேகம் இரட்டித்தால் ஒவ்வொரு நொடியும் அது கொண்டுவரும் ஆற்றல் எட்டு மடங்காகும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை.

கார்த்திகை பிறந்தால் எல்லாம் தலைகீழ். காற்று கிழக்கிலிருந்து வந்து பாலக்காட்டைக் காய வைக்கும். மலையாளத்தார் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். வாசல் அதேதான், அழுத்தம்தான் பக்கம் மாறிவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு வாஸ்து பார்க்க வந்தவர், கிழக்கு ஜன்னல் ஒன்றை அடைக்கச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்தும் அந்த வீட்டில் காற்றே இல்லை. தோஷம் என்று பரிகாரம் செய்துகொண்டிருக்கிறார்கள். காற்று போக வழியில்லாத இடத்துக்கு அது ஏன் வரப்போகிறது?

இதே சொல் மற்ற அறிவியல்களிலும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஸ்பார்க் பிளக்கின் கேப் ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கம். அது அடைந்தால் பொறி வராது, வண்டி கிளம்பாது. சிலிக்கானில் எலக்ட்ரான் தாண்ட வேண்டிய கேப் தூரத்தில் இல்லை, ஆற்றலில்: 1.12 எலக்ட்ரான் வோல்ட். சூரிய மின்தகடு அதை நம்பித்தான் இருக்கிறது.

காற்றுக்கு வாசலாக இருக்கும் இடம் சில உயிர்களுக்குச் சுவர். குளிர்ந்த சோலைக்காட்டை விட்டு வராத ஒரு நீலச் சிறு பறவை வடக்கே நீலகிரியில் ஒரு இனமாகவும் தெற்கே ஆனைமலை, பழனியில் வேறு இனமாகவும் இருக்கிறது. ஒரு காலத்தில் இரண்டையும் ஒன்றென்றே எண்ணினார்கள். "குருவிக்கு மரபணு பார்க்க அரசாங்கப் பணமா?" என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. மலை பிளந்த கதையை அந்தக் குருவிதான் சுமந்துகொண்டிருக்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண், "அப்போ இதை விண்ட் கேப்னு சொல்லலாமா?" என்றாள். கூடாது! நிலவியலில் அந்தப் பெயர் காற்று வீசும் இடத்துக்கு இல்லை. ஆறு ஒரு காலத்தில் ஓடி, பிறகு கைவிட்டுப் போன இடைவெளிக்குத்தான். நம் ஆழியாறோ பொள்ளாச்சிப் பக்கமிருந்து எல்லை தாண்டி வந்து, சித்தூர்ப்புழையில் கலந்து, பாரதப்புழைக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.