சாலைப் படமா, வழிநடைப் படமா?

ஸ்பெயின் நாட்டுப் படம் ஒன்றைப் பார்க்கலாம் என்று, அதற்குக் கொடுத்திருந்த தமிழ்க் குறிப்பை அத்தைக்குப் படித்துக் காட்டினேன்: ‘தாய்மை மற்றும் குடும்பம் பற்றிய ஸ்பானிஷ் சாலைத் திரைப்பட நாடகம்.’ அத்தை கேட்டார்: “சாலை போடுகிறவர்களைப் பற்றிய படமா?” கேள்வியில் பிழையே இல்லை. பிழை முழுவதும் அந்தக் குறிப்பில் இருக்கிறது. பயணத்திலேயே கதை நகரும் படவகைக்கு ஆங்கிலத்தில் ரோடு மூவி என்று பெயர். அதற்குச் ‘சாலைப் படம்’ என்று எழுதுவதை எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டேன். இனியும் பொறுக்க முடியவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்தின் ‘ரோடு’ தொடக்கத்தில் தரையில் கிடக்கும் பாதையைக் குறிக்கவில்லை. குதிரையேறிப் போவதையும் பயணத்தையுமே குறித்தது. ‘ரைடு’ என்ற சொல்லோடு ஒரே வேர். பாதை என்ற பொருள் பின்னால் ஏறியது. ஸ்பானியர்கள் ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொள்கிறார்கள். ‘கார்ரெத்தேரா’ப் படம் என்றும் சொல்வதுண்டு. கார்ரெத்தேரா என்பது வண்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, வண்டிப்பாதை. பயணத்துக்கு அவர்கள் சொல்லும் ‘வியாஹே’யின் லத்தீன் மூலமோ வழிக்கு எடுத்துப்போகும் கட்டுச்சோற்றையும் கைப்பணத்தையும் குறித்தது. எல்லாவற்றிலும் போகிற மனிதர் இருக்கிறார். தார் இல்லை.

சாலைக்கு வருகிறேன். தமிழில் இந்தச் சொல் பின்னால் நின்றால் பெரும்பாலும் கூடம்: சிறைச்சாலை, தொழிற்சாலை, பாடசாலை. முன்னால் நின்றால் சாலைக்கே உரிய பொருள்: சாலை வரி, சாலை விதி, சாலைப் பணியாளர், சாலை விபத்து. ஆகவே சாலைப் படம் என்றால் சாலையைப் பற்றிய படம் என்றே தமிழ்க் காது கேட்கும். அத்தையின் காது கேட்டதும் அதைத்தான். ‘வழி’யை முன்னால் வைத்துப் பாருங்கள்: வழிப்போக்கர், வழித்துணை, வழிப்பறி. உடனே அங்கே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். ஒருவர் போகிறார், ஒருவர் கூட வருகிறார், ஒருவன் மடக்குகிறான். இந்த வகைப் படங்களின் கதையே இதுதான்.

‘பயணப் படம்’ என்பது இதைவிடத் தேவலை. ஆனால் சுற்றுலா இடங்களைக் காட்டும் ஆவணப் படத்துக்கும் அந்தப் பெயர் பொருந்திவிடும். ‘வழிச்செலவுப் படம்’ என்றால் பழைய நூல் படித்தவர்களுக்கு இனிக்கும், செலவு அங்கே பயணம்தான். ஆனால் இன்றைய வாசகர் பஸ் டிக்கெட் கணக்கை நினைப்பார். தூய்மைக்காகத் தெளிவைப் பலியிட நான் ஒப்பமாட்டேன்.

என் தேர்வு ‘வழிநடைப் படம்’. வழிநடைச் சிந்து என்று பாட்டுக்கு ஒரு வகையே நம்மிடம் இருக்கிறது; நடந்து போகிறவர்கள் வழியில் பாடுவது. காரில் போகிறவர்களுக்கு நடை ஏது என்று கேட்பவர்கள் உண்டு. வண்டி நடை, ஆற்றின் நடை, உரைநடை என்றெல்லாம் சொல்லும் மொழி காருக்கு மட்டும் நடையை மறுக்குமா?

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே பெரிது. வழி என்றால் மரபும்தான். தாய்வழி, தந்தைவழி, வழித்தோன்றல். ஒரே சொல்லுக்குள் பாதையும் குடும்பமும் இருக்கின்றன. டேவிட் ட்ருவேபா இயக்கி 2013இல் வெளிவந்த ‘கண்களை மூடிக்கொண்டால் வாழ்வது எளிது’ என்ற பொருள்படும் பெயர் கொண்ட ஸ்பானியப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் திரைப்பட விருது விழாவான கோயாவில், 2014இல், சிறந்த படம் உட்பட 6 விருதுகள் பெற்றது. 1966இல் தெற்கு ஸ்பெயினின் அல்மெரியாவில் படப்பிடிப்பில் இருந்த பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னனைப் பார்க்க ஓர் ஆங்கில ஆசிரியர் காரில் கிளம்புகிறார். வழியில் ஏறிக்கொள்பவர்கள் இருவர்: மணமாகாமல் கருவுற்றதால் ஊர்க் கண்ணில் படாமல் ஒரு விடுதியில் வைக்கப்பட்டு அங்கிருந்து தப்பி வந்த பெண், முடியை வெட்டச் சொன்ன தந்தையை விட்டு ஓடிவந்த பையன். பெற்ற வீட்டில் கிடைக்காத அணுக்கம் அந்த வண்டிக்குள் கிடைக்கிறது. இதில் சாலைக்கு என்ன பெருமை? வழித்துணைக்குத்தான் பெருமை.

பிள்ளையைத் தேடி வழியில் இறங்கும் தாயும் தமிழுக்குப் புதியவள் அல்லள். காதலனோடு உடன்போன மகளைத் தேடிப் பாலை வழியில் நடக்கும் செவிலித்தாய், கால் ஓய்ந்தது, பார்த்துப் பார்த்துக் கண் ஒளியிழந்தது என்று வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாட்டில் சொல்கிறாள். இப்படி ஒரு சொத்தை வைத்துக்கொண்டு அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறார்கள்.

அந்தக் குறிப்பில் வந்த ‘நாடகம்’ மட்டும் என்ன செய்தது? தமிழில் நாடகம் மேடையில் நடப்பது; பேச்சில் பாசாங்கு. படத்தின் பெயருக்குப் பக்கத்தில் அது நின்றால் மேடை நாடகத்தைப் படமாக்கியதாகத்தான் தோன்றும். குடும்பக் கதை என்றால் போதும். மொழிபெயர்ப்பவர்கள் தாம் எழுதியதை வீட்டில் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். நேரம் இல்லை என்பது காரணமாகாது.

மறுநாள் மாற்றி எழுதிப் படித்தேன்: ‘தாய்மையைச் சொல்லும் ஸ்பானிய வழிநடைப் படம், குடும்பக் கதை.’ அத்தை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “யார் கூடப் போகிறாள்?”