போலீஸ் மெமோ இல்லாவிட்டாலும் குழந்தைக்குச் சிகிச்சை உண்டு

இரவு நேரம். பாலியல் தொல்லைக்கு ஆளான மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடி வருகிறார். "முதல்ல ஸ்டேஷனுக்குப் போய் மெமோ வாங்கிட்டு வாங்கம்மா" என்று அங்கே சொன்னால், அது சட்டத்துக்கு விரோதமான பேச்சு. அந்தத் தாய் திரும்பிப் போக வேண்டியதில்லை.

18 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 27, எஃப்.ஐ.ஆர். பதிவாகாவிட்டாலும் குழந்தைக்கு மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது. அவசர சிகிச்சை தருவதற்கு முன் எந்தக் காகிதமும் கேட்கக் கூடாது என்று 2020-இல் வந்த போக்சோ விதிகளும் சொல்கின்றன. செலவும் கிடையாது. முதலுதவியையும் சிகிச்சையையும் அரசு, தனியார் என எந்த மருத்துவமனையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 397. மறுத்தால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 200-இன்படி மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டுமே.

சரி, பரிசோதனை அறைக்குள் என்ன நடக்க வேண்டும்? பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். அம்மாவோ, அத்தையோ, டீச்சரோ, குழந்தை யாரை நம்புகிறதோ அவர் கூடவே இருக்கலாம். அப்படி யாருமே இல்லையென்றால் மருத்துவமனைத் தலைவர் ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும். போலீசார் அறைக்குள் நிற்கக் கூடாது. குழந்தைக்கு 12 வயது ஆகிவிட்டால் அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்கின்றன மத்திய சுகாதாரத் துறையின் 2014 வழிகாட்டு நெறிகள். பரிசோதனை வேண்டாம் என்று குழந்தை சொன்னாலும் சிகிச்சையை நிறுத்த முடியாது. பிறப்புறுப்பில் விரல்களை நுழைத்துப் பார்க்கும் 'இரு விரல் சோதனை' கூடவே கூடாது. அதைச் செய்பவர்கள் ஒழுங்கீனக் குற்றவாளிகள் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

பதறிப்போன வீடுகளில் முதலில் செய்வது குழந்தையைக் குளிப்பாட்டித் துணியைத் துவைத்துப் போடுவதுதான். அந்த மனசு புரிகிறது. ஆனாலும் முடிந்தவரை வேண்டாம். அந்தத் துணியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவாருங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் கோத்துத் தடயம் கெட்டுவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால் சீக்கிரம் வருவது நல்லது. குளித்துவிட்டாலும், நாள் கடந்துவிட்டாலும் வரலாம், அதைக் காரணம் காட்டி யாரும் திருப்பி அனுப்பக் கூடாது.

போலீசுக்குத் தெரிவிப்பது மருத்துவரின் கடமை. தெரிந்தும் சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர் தன் ஊழியர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. மருத்துவமனை ஊழியரே அங்கு வந்த குழந்தையிடம் வன்புணர்வுக் குற்றம் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டு. நம்பி ஒப்படைத்த இடத்தில் நடக்கும் குற்றம் என்பதால் இந்தக் கடுமை சரியானதுதான்.

பெரியவர்கள் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. மனவளர்ச்சி குன்றிய 30 வயதுப் பெண்ணுக்குப் போக்சோ பொருந்தாது. மன வயதை அல்ல, பிறந்த தேதிப்படியான வயதைத்தான் பார்க்க வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வன்புணர்வுக்கு ஆளான எந்த வயதுப் பெண்ணுக்கும் இலவச சிகிச்சை உண்டு. மாற்றுத்திறனாளிப் பெண்ணிடம் அந்தக் குற்றம் செய்தவருக்குக் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல். மனநல சிகிச்சையில் இருப்பவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். 2001-இல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகத்தில் பற்றிய தீயில் சங்கிலியோடு கருகியவர்களை நினைத்தால், இந்த ஒரு வரி எவ்வளவு தாமதமாக வந்தது என்று நெஞ்சு கனக்கிறது.

அவசரப் பிரிவில் மறுத்தால், யார் மறுத்தார், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு நிலைய மருத்துவ அலுவலரையோ டீனையோ கேளுங்கள். அங்கே நின்றபடியே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கலாம். பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567. அப்புறம், வீடு திரும்பும் முன் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதையும் இலவசமாகத்தான் தர வேண்டும்.