மைனஸ் 20 டிகிரியில் ஒரு சின்னக் குருவி

கனடாவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "குளிர்காலத்தில் தோட்டத்துப் பறவைகளுக்கு விதை வைக்கிறோம். பழக்கிவிட்டால் அவை இரை தேடவே மறந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?"

இல்லை. காரணம் புரிய, அந்தத் தோட்டங்களுக்குத் தவறாமல் வரும் கருந்தொப்பிச் சிக்கடீ (Black-capped chickadee) என்ற சின்னக் குருவியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

எடை சுமார் 11 கிராம். பகலில் உடல் வெப்பம் 42 டிகிரி. வெளியிலோ மைனஸ் 20. உடல் சிறுத்தால் எடைக்குப் பரப்பு கூடும், வெப்பம் வேகமாக வெளியேறும் என்பது பள்ளிப் பாடம். இறகுகளை உப்பிக் காற்றைப் பிடித்துவைப்பதும் தெரிந்ததுதான். ஆனால் அது நடுங்கும் விதம் இருக்கிறதே, அதைத்தான் சொல்லியாக வேண்டும்.

குளிரில் நமக்குப் பல் தந்தியடிக்கும், கைகால் உதறும். சிக்கடீ உதறுவதில்லை. இறக்கையைக் கீழே இழுக்கும் மார்புத் தசையும், மேலே தூக்கும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பதால் இறக்கை அசையாது. செலவாகும் சக்தி வெப்பமாகிவிடும். பறப்பதற்காக அமைந்த தசையே இரவில் அடுப்பாகிறது! பார்ப்பவருக்கோ, பறவை கிளையில் சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும்.

இதற்கு எரிபொருள் கொழுப்பு. பகலில் தின்று சேர்த்ததில் பெரும்பகுதி விடிவதற்குள் கரைந்துபோகும். நிறையச் சேர்த்துவைக்கலாமே என்றால், உடல் கனத்தால் வேட்டைப் பறவையிடமிருந்து தப்புவது கடினம். அதனால் இரவில் உடல் வெப்பத்தையே 10 டிகிரிக்கு மேல் இறக்கிச் சிக்கனம் பிடிக்கிறது. நமக்கு 2 டிகிரி இறங்கினாலே ஆபத்து. சிக்கடீயோ காலையில் நடுங்கியே உடலைச் சூடேற்றிக்கொண்டு இரை தேடக் கிளம்பிவிடும்.

சரி, கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் மார்கரெட் பிரிட்டிங்ஹாம், ஸ்டான்லி டெம்பிள் என்ற இரு ஆய்வாளர்கள் சிக்கடீகளைப் பின்தொடர்ந்து, 1988இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தீனி கிடைத்த பறவைகளில் 69 சதவீதம் குளிர்காலத்தைத் தாண்டின; கிடைக்காதவற்றில் 37 சதவீதம்தான். கடுங்குளிர் வாட்டிய மாதங்களில்தான் இந்த வித்தியாசம் வந்தது. அப்புறம், 25 ஆண்டுகளாகத் தீனி வைத்துவந்த ஓரிடத்தில் அதை நிறுத்திப் பார்த்தார்கள். அங்கிருந்த பறவைகள், தீனியே காணாத பறவைகளுக்குச் சமமாகப் பிழைத்தன. தட்டில் விதை இருக்கும்போதும் தேவையில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் அங்கே எடுத்தன. மீதியைக் காட்டில் தேடிக்கொண்டன.

இத்தகைய ஆய்வுக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். காலில் வளையம் மாட்டி, பனியில் நடந்து, பொறுமையாக எண்ண ஆள் வேண்டும். அந்தப் பொறுமைக்குத்தான் நிதி தர யோசிக்கிறார்கள். இது தவறு என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே தாராளமாக வையுங்கள். ரொட்டித் துண்டு வேண்டாம். சூரியகாந்தி விதை, உப்பில்லாத வேர்க்கடலை, மாட்டுக்கொழுப்பு என்று கொழுப்புள்ளதாக இருக்கட்டும். தட்டை அடிக்கடி கழுவிக் காயவையுங்கள். பிரிட்டனில் 2005 முதல் பச்சைக்குருவிகளை (Greenfinch) ஏராளமாகக் கொன்ற ஒட்டுண்ணி நோய், பறவைகள் கூடும் தீனித் தட்டுகள் வழியாகவும் பரவியது. விடிந்ததும், இருட்டுவதற்கு முன்பும் தட்டில் விதை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.