'ஆக்சஸ்' என்றால் அச்சுகள் அல்ல

"நான்கு அச்சுகள் கொண்ட ஒரு படத்தை உருவாக்குவோம்." மேட்பிளாட்லிப் பழகுபவர்களுக்காகத் தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்றின் தொடக்க வரி இது. மேட்பிளாட்லிப் என்பது பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் வரைய உதவும் நிரலகம், அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பு. கீழே படமும் இருந்தது: மேலே இரண்டு கட்டம், கீழே இரண்டு கட்டம். அதைப் படித்த கல்லூரி மாணவி ஒருத்தி திரையில் விரல் வைத்து எண்ணிவிட்டு, "எட்டு இருக்கிறதே சார்! ஒவ்வொரு கட்டத்துக்கும் எக்ஸ் அச்சு ஒன்று, ஒய் அச்சு ஒன்று..." என்றாள். சரியாகத்தான் எண்ணியிருந்தாள். அதில் வரும் 'ஆக்சஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'அச்சுகள்' என்று போட்டிருப்பது என் கண்ணில் படுவது இது மூன்றாவது முறை. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

வேர் எளியது. ஆக்சிஸ் என்பது இலத்தீனில் வண்டிச் சக்கரத்தின் இருசு. அதன் பன்மை ஆக்சஸ். நம் அச்சும் வண்டி அச்சுதான். மயிலிறகு ஏற்றிய வண்டியும் 'அச்சிறும்' என்ற குறள் எல்லாருக்கும் தெரியும். வடமொழி அக்ஷம் வழியாக வந்த சொல் என்பார்கள். அக்ஷமும் ஆக்சிஸும் ஒரே மூலத்தின் கிளைகள். ஆகவே ஆக்சிஸை அச்சு என்பதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. பள்ளிக் கணக்குப் புத்தகம் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு என்கிறது. இரண்டையும் சேர்த்து ஆய அச்சுகள் என்கிறது. அச்சுகள் என்றால் பிள்ளைகள் மனத்தில் வருவது அந்த இரண்டு கோடுகள்தான்.

மேட்பிளாட்லிப்பின் ஆக்சஸ் வேறு. நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹன்டர் இந்த நிரலகத்தை உருவாக்கி 2003இல் வெளியிட்டார். மேட்லேப் என்ற கணிப்பு மென்பொருளைப் பழகிய கைக்கு இதுவும் பழக வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கிருந்த ஆக்சஸ் என்ற பெயரும் கூடவே வந்து சேர்ந்தது. இங்கே அது ஒருமைப் பொருளின் பெயர். ஒரு படத்துக்குள் தரவு வரையப்படும் ஓர் இடம். அந்த இடத்துக்குத் தலைப்பு உண்டு, கோடுகள் உண்டு, புள்ளிகள் உண்டு. ஆக்சிஸ் எனப்படும் அச்சுகளும் அதற்குள்தான் இரண்டு, முப்பரிமாணம் என்றால் மூன்று. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று நிரலகத்தின் ஆவணமே எச்சரிக்கும் அளவுக்குக் கெட்ட பெயர். ஆங்கிலத்தில் இருக்கிற குழப்பத்தைத் தமிழிலும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

இதைச் சொன்னதும் மொழிபெயர்த்தவர் ஒரு மாற்றுச் சொல் கொடுத்தார்: 'அச்சுத்தொகுதி'. பன்மைச் சிக்கல் தீர்ந்தது, நான்கு தொகுதி என்றால் நான்குதானே என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொகுதி என்றதும், அச்சுகளைக் கூட்டினால் கிடைப்பது இது என்று பொருள்படுகிறது. வீட்டைச் 'சுவர்த்தொகுதி' என்பதுபோல. ஆக்சிஸ் கட்டளைக்கு 'ஆஃப்' என்று கொடுத்துப் பாருங்கள். அச்சும் அளவுக்குறிகளும் எண்களும் மறைந்துவிடும். ஆக்சஸ் அங்கேயே இருக்கும், அதில் வரைந்த நிழற்படமும் அப்படியே நிற்கும். அச்சு கண்ணுக்கே தெரியாத அச்சுத்தொகுதி! வட்ட விளக்கப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அச்சு எதுவும் கண்ணில் படாது. புதிதாகப் படிப்பவனிடம் "அச்சுத்தொகுதியில் வட்டத்தை வரைக" என்றால் அவன் எங்கே போவான்?

இதைவிட மோசமான இடம் ட்வின்எக்ஸ் என்ற கட்டளை. ஒரே மாதங்களுக்கு இடப்பக்கம் வெப்பநிலை, வலப்பக்கம் மழையளவு என்று காட்ட வேண்டுமானால், ஓர் ஆக்சஸின் மேல் இன்னோர் ஆக்சஸை வைத்து, எக்ஸ் அச்சை இரண்டுக்கும் பொதுவாக்குகிறோம். இதை அவருடைய மொழியில் எழுதினால், "ஓர் அச்சைப் பகிரும் இரண்டு அச்சுத்தொகுதிகள்" என்று வருகிறது. மூன்று முறை படித்தேன். விஷயம் முன்பே தெரிந்ததால் புரிந்தது.

இன்னொருவர் 'ஆயத்தளம்' என்றார். கணக்கு வாசனை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தளம் என்பது எல்லையின்றி விரிவது. ஆக்சஸ் என்பதோ படத்தில் இடமிருந்து இவ்வளவு, கீழிருந்து இவ்வளவு, அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று நாம் வெட்டி வைக்கிற ஒரு துண்டு.

என் சொல் 'வரைகளம்'. நெல்லடிக்கக் களம், போருக்குக் களம், வரைவதற்கும் ஒரு களம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. அதனால் நடுவில் 'க்' போட்டு வரைக்களம் என்று எழுதாதீர்கள். நான்கு வரைகளங்கள், எட்டு அச்சுகள்: அந்த மாணவியின் கணக்கு உடனே சரியாகிவிடுகிறது. "எக்ஸ் அச்சைப் பகிரும் இரண்டு வரைகளங்கள்" என்றால் ட்வின்எக்ஸும் புரிந்துவிடுகிறது. வரை என்றால் மலை என்றும் பொருள் உண்டே என்று ஒருவர் கேட்டார். உண்டு, வரைபடத்தாள் வாங்கும்போது யாரும் மலையை நினைப்பதில்லை. கேன்வாஸ் என்று தனியாக ஒன்று உள்ளே இருக்கிறதே என்றார் இன்னொருவர். இருக்கட்டும், அதைக் கேன்வாஸ் என்றே விடலாம். தொடக்கநிலையில் யாரும் அதைத் தொடுவதில்லை.

என் மனக்குறை ஒரு சொல்லோடு நிற்கவில்லை. நிரலை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டி எடுத்துக்காட்டு எழுதுகிறார்கள். வரைதலைக் குறிக்கும் பிளாட் என்பதற்குச் 'சதி' என்றும், அச்சில் எண்ணுக்கு நேரே வரும் சிறு கோடாகிய டிக்குக்கு 'உண்ணி' என்றும் போட்ட பக்கத்தைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். நாய்க்கு உண்ணி, சரி, எக்ஸ் அச்சுக்குமா? தரவாவது நம் பக்கத்தில் இருக்கிறதா என்றால், எடுத்த எடுப்பில் சைன் வளைகோடு. கடையில் ஏழு நாளில் விற்ற இட்லி என்று ஏழு எண்களைக் கொடுத்தால் ஆகாதா?

அந்த எடுத்துக்காட்டை அப்படித்தான் மாற்றி எழுதினேன். முதல் வரியின் குறிப்புரை: "ஒரு படம், அதில் ஒரு வரைகளம், நிரலில் அதன் பெயர் ஆக்ஸ்." இரண்டாவது: "வரைகளத்தில் இட்லி எண்ணிக்கையைக் கோடாக வரைகிறோம்." மூன்றாவது: "எக்ஸ் அச்சுக்குப் பெயர்: கிழமை." அதே மாணவியிடம் கொடுத்தேன். வரைகளத்தைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏன் இவ்வளவு குறைவாக விற்றிருக்கிறது என்று கேட்டாள்.