ஒக்கமின் சவரக்கத்தி

Ockham's razor என்று ஆங்கிலத்தில் சொல்லும் சிந்தனை விதியைத் தமிழில் எப்படிச் சொல்வது? Ockham என்பதை 'ஆக்கம்' என்று எழுதினால் படைப்பு என்று படித்துவிடுவார்கள். அதனால் ஒக்கம் என்றே எழுதுகிறேன். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள ஊர் அது. 14ஆம் நூற்றாண்டில் பேர்பெற்ற வில்லியம் என்ற பிரான்சிஸ்கன் துறவிக்கு ஊர்ப்பெயரே அடையாளமாகிவிட்டது. 'தேவையின்றிப் பொருள்களைப் பெருக்காதே' என்று எல்லோரும் அவர் பெயரில் சொல்லும் வாசகம் அவர் நூல்களில் அப்படியே கிடையாது. 1639இல் ஜான் பஞ்ச் என்ற அயர்லாந்துத் துறவி எழுதியதில்தான் அது இருக்கிறது. சவரக்கத்தி என்ற பெயர் அதற்கும் பிந்தியது.

மழிப்பது எதை? வேண்டாத ஊகங்களை. தெருவே இருண்டு கிடந்தால், வீட்டுக்கு வீடு தனித்தனியாக ஃபியூஸ் போயிற்று என்று யாரும் நினைப்பதில்லை, டிரான்ஸ்ஃபார்மரைத்தான் சந்தேகப்படுகிறோம். கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வோர் ஊகமும் தவறாகப் போக இன்னொரு வாய்ப்பு. 'எளிய விளக்கமே உண்மை' என்று பலரும் இதை மொழிபெயர்ப்பது பிழை. எதை முதலில் சோதிப்பது என்பதற்கான வழிதான் இது, தீர்ப்பு அல்ல.

யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. கண்ணுக்குப் படாத இன்னொரு கோள் இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலர் லெவெரியே. ஒரு கோளையே கூட்டிவிட்டார்! 1846இல் அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் அகப்பட்டது. அப்புறம் புதன் தகராறு செய்தது. அதன் பாதையில் சூரியனுக்கு மிக அருகிலான புள்ளி, நியூட்டனின் ஈர்ப்பு விதிக் கணக்கைவிட நூறாண்டுக்குச் சுமார் 43 விகலை கூடுதலாக நகர்ந்தது (விகலை என்றால் பாகையில் 3600இல் ஒரு பங்கு). அதே உத்தி: வல்கன் என்று ஒரு கோள். தேடித் தேடி அலுத்தார்கள், அது வரவேயில்லை. 1915இல் ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டை வைத்து, புதுக் கோள் எதுவும் இல்லாமல் அந்த 43ஐக் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் அவருடைய கணிதம் நியூட்டனுடையதைவிடப் பல மடங்கு கடினம். இதில் எது எளிமை? பொருள்களை எண்ணுவதா, சமன்பாட்டைப் பார்ப்பதா? கத்தி அதைச் சொல்லாது.

சரி, தமிழில்? 'எளிமை விதி' என்றால் மேலே சொன்ன பிழைக்கே இடம் கொடுக்கும். 'சிக்கன விதி' பரவாயில்லை. நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் முதல் இரண்டு குன்றக் கூறல் (தேவையானதைக் குறைத்துச் சொல்வது), மிகைபடக் கூறல் (தேவைக்கு மேல் சொல்வது). அது நூல் எழுதுவதற்கான இலக்கணம்தான். ஆனாலும் வெட்ட வேண்டியது, வெட்டக் கூடாதது இரண்டுக்கும் அங்கே பெயர் இருக்கிறது. ஆகவே என் தேர்வு 'மிகை களைதல்'. "இந்த ஊகம் மிகை, களைந்துவிடலாம்" என்று வகுப்பிலே பேசலாம். சவரக்கத்தியை வைத்து அப்படி ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள், வராது.