தேவை ஆவணத்தில் எழுதப்படாமல் போகும் பாதி

"பணம் செலுத்தியதும் இருக்கை உறுதி செய்யப்பட வேண்டும்." பேருந்து முன்பதிவுச் செயலி ஒன்று என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியலிடும் தேவை ஆவணத்தில் இப்படி ஒரு வரி இருந்தால், கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள், அவரவர் தமக்குத் தோன்றிய பொருளை அதில் ஏற்றிக்கொண்டு தலையாட்டிவிடுவார்கள். பயணி பொத்தானை அழுத்திய நொடியே பணம் செலுத்திய நேரம் என டெவலப்பர் எடுத்துக்கொள்வார். பணப் பரிமாற்றத்தைக் கையாளும் கேட்வேயிலிருந்து 'வெற்றி' என்ற பதில் வந்த நொடி என டெஸ்டர் எடுத்துக்கொள்வார். அந்தப் பதில் வராமலே போனால் என்ன செய்வது என்ற கேள்வியை அந்த வரி எழுப்புவதே இல்லை. திட்டம் முடியும் தறுவாயில் கிளையன்ட்டுக்கும் குழுவுக்கும் மூளும் வாக்குவாதங்கள் பலவும் இத்தகைய வரிகளிலிருந்து கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் வாக்கிய வார்ப்புருக்கள், அதாவது தேவைகளை எழுதுவதற்கான நிலையான வாக்கிய அமைப்புகள், கைகொடுக்கின்றன. அவற்றுள் நான் பரிந்துரைப்பது ஈயர்ஸ் (EARS – Easy Approach to Requirements Syntax) எனும் முறை. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் அலிஸ்டர் மேவினும் அவருடைய சகாக்களும், ஜெட் எஞ்சின் கட்டுப்பாட்டு அமைப்புக்கான வான்தகுதி விதிகளை அலசியபோது உருவாக்கி, 2009இல் வெளியிட்ட முறை இது. விமான எஞ்சினுக்காகப் பிறந்தது என்று மிரள வேண்டியதில்லை. அதன் விதிகள் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். எப்போதும் பொருந்தும் தேவை, ஒரு நிகழ்வு நேரும்போது எழும் தேவை, ஒரு நிலை நீடிக்கும்வரை பொருந்தும் தேவை, வேண்டாதது நடந்தால் செய்ய வேண்டியது, குறிப்பிட்ட வசதி இருந்தால் மட்டும் பொருந்துவது என ஐந்து வகைகளும், அவற்றை இணைத்து எழுதும் வழியும்தான் அதன் சாரம். நிலை முதலில், நிகழ்வு அடுத்து, பிறகு அமைப்பின் பெயர், கடைசியில் அது செய்ய வேண்டியது என்ற வரிசை மாறக் கூடாது.

மேலே கண்ட வரியை இப்படி எழுதிப் பார்க்கலாம்: "இருக்கை ஒரு பயணிக்காக நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் நிலையில், கேட்வேயிலிருந்து 'வெற்றி' என்ற பதில் வரும்போது, முன்பதிவு அமைப்பு அந்த இருக்கையை அப்பயணியின் பெயரில் பதிவுசெய்ய வேண்டும்." நிலை என்ற கட்டத்தை நிரப்பியவுடனேயே, எத்தனை நிமிடம் நிறுத்திவைப்பது என்ற கேள்வி வந்துவிடுகிறது. 10 நிமிடம் என்று கிளையன்ட் சொன்னால், 11ஆவது நிமிடத்தில் 'வெற்றி' வந்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. "நிறுத்திவைத்த நேரம் முடிந்து, இருக்கை வேறொருவருக்கு விற்கப்பட்ட பின் 'வெற்றி' என்ற பதில் வந்தால், முன்பதிவு அமைப்பு முழுத் தொகையையும் திருப்பியளிக்கும் கோரிக்கையைக் கேட்வேக்கு அனுப்ப வேண்டும்." இருக்கை இன்னும் விற்கப்படாமல் இருந்தால்? பதிலே வராவிட்டால் கேட்வேயிடம் மறுபடி எப்போது விசாரிப்பது? ஒரு வரி நான்காகப் பெருகிவிடும்.

ஆவணம் நீள்கிறது என்ற புகார் உடனே எழும். அந்த முடிவுகளை யாராவது எடுத்தே ஆக வேண்டும். ஆவணத்தில் எடுக்காவிட்டால், காலக்கெடு நெருங்கும் இரவொன்றில் டெவலப்பர் தன்னந்தனியாக எடுப்பார், பயணியின் பணம் யாரிடம் தங்குகிறது என்பதையும் சேர்த்து. ஐந்து வகைகளிலும் 'வேண்டாதது நடந்தால்' என்ற வகைக்கே நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது இதனால்தான்.

வார்ப்புரு எல்லாவற்றையும் பிடித்துவிடாது. "பயணி தேடும்போது, முன்பதிவு அமைப்பு விரைவாகப் பதிலளிக்க வேண்டும்" என்ற வாக்கியம் வார்ப்புருவின் இலக்கணத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் சோதித்துப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. எத்தனை நொடி, எத்தனை பேர் ஒரே நேரத்தில் தேடும்போது என்ற எண்களை மனிதர்தான் கேட்டு வாங்க வேண்டும். பயனர் கதைகளுக்கும் இது மாற்றன்று. ஒரு வசதி யாருக்கு, எதற்கு என்பதை அவை சொல்லும், அமைப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை இது சொல்லும்.

கணக்கு விதிகளிலும் இதைத் திணிக்காதீர்கள். புறப்படுவதற்கு எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம் என்பதை 'இருந்தால்', 'செய்தால்' என்று வாக்கியம் வாக்கியமாக அடுக்கினால் எழுதியவருக்கே தலை சுற்றும். அதற்கு ஓர் அட்டவணையை வரைந்துவிட்டு, "பயணி பயணச்சீட்டை ரத்து செய்யும்போது, முன்பதிவு அமைப்பு பிடித்தத்தை இந்த அட்டவணைப்படி கணக்கிட வேண்டும்" என்று ஒரே வாக்கியத்தில் அதைச் சுட்டினால் போதும்.